கோடு எண்ணுகிறவர்கள்

கோடு எண்ணுகிறவர்கள் என்றோர் இனம் நம்மிடையே உண்டு. காசு எண்ணுகிறவர்களை உங்களுக்குத் தெரியும், நாள் எண்ணுகிறவர்களையும் தெரியும். இவர்கள் எண்ணுவது முகத்துக் கோடு. தங்கள் முகத்தோடு நிறுத்திக்கொண்டால் நான் ஏன் பேனையை எடுக்கிறேன்? நீங்கள் "சுகமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் அவர்கள் கண் உங்கள் நெற்றியில் தொடங்கி, மூக்கோரமாக இறங்கி, வாயோரத்தைத் தொட்டுத் திரும்பிவிடும். பதில் சொல்லமாட்டார்கள். "ம்ச்" என்பார்கள்.

கண்டியில் இந்த இனத்துக்குத் தலைவி எங்கள் ஒழுங்கையில்தான் குடியிருந்தார். கமலாசனி அக்கா. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்ற நவரட்ணராஜாவின் மனைவி. நான் சொல்வது யுத்தம் நடந்த இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டுக் கதை. வடக்குக்குப் போகிற பாதை பூட்டு, பஸ்ஸில் குண்டு, வளைவுக்கு வளைவு சோதனைச் சாவடி. யாழ்ப்பாணத்தில் அகப்பட்டுக்கொண்ட தங்கை மங்களேஸ்வரி, பேக்கரியில் பாணுக்கு விடியற்காலை நாலு மணிக்கே வரிசையில் நிற்கிறோம் என்று தொலைபேசியில் அழுதால், அக்கா சொல்லுவார்: "வெய்யிலுக்கை நிக்காதை பிள்ளை, நெத்தியிலை கோடு விழும்." விடியற்காலை நாலு மணிக்கு என்ன வெய்யில் என்று தங்கை கேட்கவில்லை. கேட்டும் பயனில்லை.

கெலிஓயாவில் ஒரு செத்தவீடு. புருஷனைப் பறிகொடுத்தவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கதறுகிறாள். அக்கா என் பக்கம் சரிந்து, "தம்பி, பாத்தீரே, அவளுக்கு வாயோரம் ரெண்டு பக்கமும் விழுந்திட்டுது" என்றார். நானும் பார்த்தேன். அதுதான் வெட்கம்.

அந்த வருடம் அக்காவின் மகனுக்கு ரொறன்ரோவில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சம்பந்தியம்மாவின் படம் வந்தது. அறுபது வயது, முகத்தில் ஒரு கோடு கிடையாது. பிறகு அக்காவுக்கு நித்திரை வருமா? கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு டொக்டர் கோட்டுக்குள் ஊசியால் பசை ஏற்றிக் கன்னத்தை நிமிர்த்துகிறாராம் என்று துண்டுப்பிரசுரம் ஒன்று கையில் கிடைத்தது. எந்தப் பசை என்று தெரிவு செய்ய ஒரு மாதம் பிடித்தது. மகனுக்குப் பெண் தெரிவு செய்ய ஒரு கிழமைதான் எடுத்தது.

அக்கா சுத்த சைவம். பசைகளோ நாலு விதம். முதலாவது மாட்டுத் தோலிலிருந்து எடுப்பது. சிவ சிவா. இரண்டாவது சேவல் கொண்டையிலிருந்து எடுப்பது. "சேவல் முருகனுக்குக் கொடியிலை இருக்கட்டும், என்ரை கன்னத்துக்கை என்னத்துக்கு?" மூன்றாவது தன் வயிற்றுக் கொழுப்பையே உருவிக் கன்னத்தில் ஏற்றுவது. மச்சம் மாமிசம் இல்லைத்தான், ஆனால் வயிற்றில் கொழுப்பு இருக்கிறதென்று ஒரு டொக்டருக்கு முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டுமே. நாலாவது, ஆய்வுகூடத்தில் கிருமி வளர்த்து அதிலிருந்து எடுப்பது.

"தம்பி, கிருமி மச்சமோ?"

"தயிரிலையும் கிருமிதானே அக்கா இருக்கு."

"அப்ப சரி."

இப்படியாக அந்த ஊசிக்கு நானும் ஒரு சிபாரிசுக்காரன்.

இந்தத் தெரிவு நடந்த மாதத்தில்தான் அழகையாவைப் பிடித்தார்கள். அழகையா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து வந்து பத்து வருடமாக அக்கா வீட்டுப் புல்லை வெட்டியவர். அவர் மனைவி ராக்கம்மாதான் அக்கா வீட்டுக் குசினியில் அடுப்பு வேலை. டவுனில் சுற்றிவளைப்பு, அழகையாவிடம் அடையாள அட்டை இல்லை. எங்கே வேலை என்று கேட்டு, ஜீப்பிலேயே அக்காவின் வாசல் படலைக்குக் கொண்டுவந்து, இந்த ஆளைத் தெரியுமா என்றார்கள். அக்கா படலைக்கு உள்ளே நின்றபடி எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் விளக்கினார்: "நாங்கள் யாழ்ப்பாணத்துச் சனம், தம்பி. ஓமெண்டு சொல்லப்போனா எங்களையும் எல்லோ ஏத்துவாங்கள். முகம் சரியா மட்டுக்கட்டேலாமல், ஆரெண்டு தெரியாமல் கிடக்கெண்டு சொல்லிவிட்டன்."

பத்து வருடம். அந்த நெற்றியில் எத்தனை கோடு என்று பொலிஸ் கேட்டிருந்தால், மூன்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார். அழகையா பதினேழு நாள் உள்ளே இருந்தார். ராக்கம்மா அந்தப் பதினேழு நாளும் வேலைக்கு வந்தாள். வராமல் என்ன செய்வாள், அடுப்பு எரியவேண்டுமே.

அழகையா வெளியே வந்த அடுத்த கிழமை அக்கா கொழும்புக்குப் போனார். ஐஸ் பையைப் பிடிக்க ராக்கம்மாவும் கூட. அலுவலாய் அங்கே போயிருந்த நான் கண்டிக்குத் திரும்பும்போது, அவர்களும் அதே பஸ். அக்காவை எனக்கே சட்டென்று தெரியவில்லை. கன்னம் இரண்டும் வீங்கி மினுங்க, கண் உள்ளே போயிருந்தது. உதடும் தடித்திருந்தது. இரண்டு நாளில் வற்றிவிடும் என்று டொக்டர் சொன்னாராம். வழியில் கடுகண்ணாவைச் சோதனைச் சாவடிக்கு அது தெரியுமா?

எல்லோரும் இறங்கி, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்தோம். பொலிஸ் பெண் அக்காவின் அட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், திரும்பவும் அட்டையைப் பார்த்தாள். இருபது வருடத்துக்கு முந்திய படம். பிறந்த இடம் யாழ்ப்பாணம். அக்கா ஏதோ சொன்னார், தடித்த உதட்டிலிருந்து எந்தப் பாஷையும் வெளியே வரவில்லை. ஜீப் நின்ற பக்கமாக அவரைத் தள்ளி நிறுத்தினாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அந்த நேரம் கடுகண்ணாவைக் கற்பாறையின் அழகைப் பார்க்கவேண்டியிருந்தது.

பொலிஸ் பெண் ஐஸ் பையோடு நின்ற ராக்கம்மாவைக் கூப்பிட்டு, கொச்சைத் தமிழில் கேட்டாள்: "இந்தப் பொம்பிளை தெரியுமா?"

ராக்கம்மா அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் ஜீப்தான். அக்கா கெஞ்சத்தான் பார்த்தார், பாவம். கெஞ்சுவதற்கு முகத்தில் நாலு கோடாவது வேண்டும். அது அன்று காலைதான் நிரப்பப்பட்டிருந்தது.

"மூஞ்சி தெரியலைங்க" என்றாள் ராக்கம்மா. அக்கா ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டதை நான் பாறைப் பக்கமிருந்தே பார்த்தேன். "கையக் காட்டுங்கம்மா."

அக்கா இரண்டு கையையும் நீட்டினார்.

"இந்தக் கை தெரியுங்க. பத்து வருசமா எனக்குத் தனியா தகரக் கோப்பையில தேத்தண்ணி ஊத்துற கை. எங்க வீட்டு அம்மாதாங்க. விட்டுடுங்க, பாவம்."

விட்டுவிட்டார்கள். பஸ் புறப்பட்டு, பேராதனைப் பாலம் தாண்டும்வரை அக்கா குனிந்தபடியே இருந்தார். நன்றி சொல்ல வார்த்தை தேடுகிறார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். மடியில் கிடந்த தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, வீங்கிய வாயால் மெல்லக் கேட்டார்:

"ராக்கம்மா, கையிலை அவ்வளவுக்குக் கோடு தெரியுதோ?"

அக்காவைத் திட்டி முடித்துவிட்டீர்களா? ஆறுதலாகத் திட்டுங்கள். இந்த இனத்தில் சேர ஊசி கட்டாயமில்லை, கொள்ளுப்பிட்டிக்குப் போகவும் தேவையில்லை. அழகையாவை ஜீப்பில் கொண்டுவந்த அன்று என் யன்னல் அந்தப் படலைக்கு நேரேதான் இருந்தது, திறந்துதான் இருந்தது, எங்கள் வீட்டுப் புல்லையும் அவர்தான் வெட்டினார். உங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர்களின் முகத்தை இன்றைக்கே ஒருதரம் வடிவாகப் பார்த்து வையுங்கள். ஜீப் வந்து கேட்கிற அன்று மட்டுக்கட்டேலாமல் கிடக்கென்று சொல்லமாட்டீர்கள் என்று எனக்கு நிச்சயமில்லை, உங்களுக்கு இருக்கிறதா?