ஊஞ்சலுக்குச் சீட்டுப் போட்டவள்

நல்ல பெயர் வாங்கத் துடிக்கிறவர்களிடம் ஊர்ப் பொது வேலையை ஒப்படைக்கக் கூடாது. கெட்டவர்கள் செய்கிற கெடுதலை ஊர் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். நல்ல பெயருக்கு அலைகிறவர்கள் கெடுதல் செய்தால் ஊரே கூடி நின்று பொன்னாடை போர்த்தும். எனக்குப் போர்த்தியது. நீல நிறம், ஓரத்தில் ஜரிகை. அம்மா அதை வெட்டி டி.வி.க்கு உறை தைத்துவிட்டாள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் குப்பத்தில் கல்லூரிப் படிப்பை முடித்த முதல் பெண் நான் (யாரும் கேட்காமலேயே இதைச் சொல்லும் வழக்கம் அன்றிலிருந்தே உண்டு). பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடலும், வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை நடக்க நல்ல பாதையும் போட்டுத் தருகிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. எங்கள் ஊருக்குக் களப்பணியாளராக என்னை நியமித்தார்கள். கழுத்தில் ஓர் அடையாள அட்டை தொங்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன்.

உண்மையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் திடல் இல்லாமல் ஒன்றும் குறையவில்லை. கடற்கரை இருந்தது, கரையேற்றி வைத்த படகுகள் இருந்தன. திடல் தேவைப்பட்டது ஏரியோரத்துக் குடிசைகளில் இருந்தவர்களுக்கு. அவர்களிடம் வலையும் கிடையாது, படகும் கிடையாது. ஆணும் பெண்ணும் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடுகிற ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அவர்கள் ஏரிக்குள் இருக்கிற நேரமெல்லாம் பிள்ளைகள் கரையில் பார்க்க ஆளில்லாமல் கிடக்கும். பள்ளிக்கூடம் வரவேண்டுமானால் வேலிகாத்தான் முள்ளுக்குள் நுழைந்து, ஒல்லாந்தர் கல்லறையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். (எப்போதோ செத்துப்போன ஒல்லாந்தர் குடும்பங்களுக்கு இங்கே மதில்சுவர் உண்டு, இரும்புக் கதவு உண்டு. உயிரோடு இருக்கிற பிள்ளைகளுக்கு முள்தான்.)

அந்தக் குடிசைகளிலிருந்து முதலில் என்னைத் தேடி வந்தவள் கன்னியம்மா. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். இருந்தாலும் நான் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், அவள் என்னைப் பாப்பா என்பாள். எங்கள் ஊரில் அது அப்படித்தான். என் அடையாள அட்டையில் சமத்துவம் பற்றி ஒரு வாசகம்கூட இருந்தது.

"இன்னா பாப்பா, மெய்யாலுமே ஊஞ்சல் வருதா?"

"வருது கன்னியம்மா. சறுக்குமரமும் வருது."

"எங்க பசங்களும் ஆடலாமா?"

"இன்னா இப்டி கேக்குற? உங்க பசங்களுக்குன்னுதான் வருதே! பாரு, உன் பொண்ணு செல்விதான் முதல்ல ஆடும்."

அவள் ஒன்றும் ஆசைக்காகக் கேட்கவில்லை. போன மழைக்காலத்தில் செல்வி கரையிலிருந்து இறங்கி, பெரியவர் இடுப்பளவுத் தண்ணீரில் தத்தளித்துக்கொண்டிருந்தபோது, பசியாவரத்துப் படகுக்காரர் ஒருவர் பார்த்துத் தூக்கிக் கரையில் விட்டிருக்கிறார். அன்று கன்னியம்மா கூப்பிடு தூரத்தில்தான் இறால் தேடிக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால் தெரியவில்லை. அதிலிருந்து குழந்தையின் காலில் கயிறு கட்டி முளையில் முடிந்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவாள். திடல் வந்தால் பெரிய பிள்ளைகள் சின்னதுகளைப் பார்த்துக்கொள்ளும், கயிற்றை அவிழ்த்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

கல்லறை மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த மேட்டில் திடலுக்கும் பாதைக்கும் இடம் பார்த்தோம். முள் வெட்டியது கன்னியம்மாவும் அவள் ஆட்களும்தான். தரை முழுக்க உடைந்த கிளிஞ்சல். விழுகிற பிள்ளைக்கு முட்டி கிழிந்துவிடும் என்று, குடிசைப் பெண்களே ஏரிக்கரையிலிருந்து கூடை கூடையாக மணல் சுமந்து ஊஞ்சலுக்கு அடியில் கொட்டினார்கள். எங்கள் தெருப் பெண்களும் வந்தார்கள். வந்து, நிழலில் நின்று, எங்கே கொட்டவேண்டும் என்று கை காட்டினார்கள். நான் இரண்டு தரப்பையும் "மக்கள் பங்கேற்பு" என்று எழுதி அனுப்பினேன்.

திறப்பு விழாவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஊஞ்சல்கள் வந்து நட்டாகிவிட்டது. இரண்டே இரண்டு. அங்கேதான் ஆரம்பித்தது. முதலில் எங்கள் தெருப் பிள்ளைகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டன. பிறகு பிள்ளைகளுக்காகத் தாய்மார்கள் பழைய கதையெல்லாம் இழுத்துத் திட்டிக்கொண்டார்கள். பிறகு ஆம்பிளைகள் வந்தார்கள், ஒரு மாமாவின் சட்டை கிழிந்தது. அதோடு ஊர்த் தலைவர் கோயில் வாசலில் கூட்டம் போட்டார். தலைவர் என்றால் வேறு யாருமில்லை, என் பெரியப்பா.

"அந்த சனியனைப் புடுங்கி ஏரியில போடுங்கடா" என்றார் பெரியப்பா.

விழாவுக்கு மாவட்டத்திலிருந்து அதிகாரி வருகிறார். ஊஞ்சலைப் பிடுங்கினால் என் கதி? எழுந்து நின்றேன். கூட்டத்தில் பெண் எழுந்து நிற்பதே எங்கள் ஊருக்குப் புதுசு. அட்டையை நேராக்கிக்கொண்டு கேட்டேன்.

"பெரியப்பா, ஏரியில சண்டை வந்தா இன்னா பண்றோம்? பாடுதானே போடுறோம்? ஊஞ்சலுக்கும் பாடு போட்டா இன்னா?"

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏரியில் இறால் நன்றாகப் பாய்கிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் அங்கேயே வலை கட்டினால் வெட்டுக்குத்து நடக்கும். அதனால் எந்த நாள் எந்தக் குடும்பம் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டு எடுத்து முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. எங்கள் ஆட்கள் சாமிக்குப் பயப்படுகிறார்களோ இல்லையோ, பாடு என்றால் பயப்படுவார்கள்.

கூட்டத்தில் யாரோ "காலேஜ் மூளைடா!" என்றார்கள். என் நைனா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏரியில் பாடு பிரிக்கச் சீட்டுப் போடுகிற அதே பித்தளைச் சொம்பை எடுத்து வந்து, ஊஞ்சலுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். அமாவாசையன்று ஊஞ்சலுக்கு லீவு உண்டா என்று காரசாரமாக விவாதித்தார்கள். ஒருவர் தன் ஊஞ்சல் நாளை மச்சானுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஏரியில் ஒரு நாள் கேட்டார். கல்யாணமே ஆகாத ஒரு சித்தப்பாவுக்கும் சீட்டு விழுந்தது. மறுநாளே தன் முறை என்று காலையில் வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தவர், சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. முறை என்றால் முறைதான்.

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. பந்தல், மைக் செட், ரோஸ்மில்க். குடிசைக்காரர்கள் எல்லாரும் குளித்துத் தலைவாரி, பந்தலுக்கு வெளியே நின்றார்கள். அதிகாரி வந்தார். முதலில் புதுப் பாதையில் கொஞ்ச தூரம் நடந்து காட்டினார். பிறகு மைக்கைப் பிடித்து ஒல்லாந்தரைப் பற்றியே பேசினார். ஒல்லாந்தர் இங்கே கோட்டை கட்டினார்கள், நீங்கள் ஊஞ்சல் கட்டியிருக்கிறீர்கள் என்று முடித்தார். ஏனென்று தெரியாமல் எல்லாரும் கைதட்டினோம்.

ரிப்பன் வெட்டியதும் நான் மைக்கில் அறிவித்தேன். "விழாவில் முதலில் ஊஞ்சல் ஆட, நம்ம செல்வி!"

செல்வி வந்தாள். துவைத்த கவுன், தலையில் கனகாம்பரம். ஏறி உட்கார்ந்து சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தள்ளிவிடச் சொல்லி என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டுவதற்குள் பெரியப்பா வந்து சங்கிலியைப் பிடித்துவிட்டார்.

"எறங்கு கண்ணு" என்றார், கோபமே இல்லாமல். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "இன்னாம்மா இது? இவங்களுக்கு ஏது பாடு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாடு என்பது வலைக்காரக் குடும்பங்களுக்குப் பிறப்பால் வருவது. கையால் பிடிக்கிறவர்களுக்கு ஏரியில் பாடு கிடையாது, என்றைக்கும் இருந்ததில்லை. கூட்டத்தில் நான் அந்த வார்த்தையைச் சொன்னபோதே அவர்களை வெளியே தள்ளியாகிவிட்டது. எனக்கு இது தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். பிறந்ததிலிருந்து தெரிந்ததாலேயே அன்று நினைப்பில் வரவில்லை. சொம்பைக் குலுக்கியபோது குடிசைக்காரர்கள் யாருமே அங்கே இல்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"பெரியப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

"இன்னிக்கு ஊஞ்சல்ல உட்டா, நாளைக்கு ஏரியில வந்து கேப்பாங்க. பாடுன்னு சொன்னது நீதானே? நான் புடுங்கிப் போடுன்னுதானே சொன்னேன்?"

அதிகாரி என்ன விஷயம் என்று கேட்டார். அந்த நிமிஷத்தில் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "சார், சண்டை வராம இருக்க ஊஞ்சலுக்கு முறை வெச்சிருக்கோம் சார்." அவர் முகம் மலர்ந்துவிட்டது. அற்புதம், இது யார் யோசனை என்று கேட்டார். ஊரே ஒரே நேரத்தில் என்னைக் கை காட்டியது. அவருக்காக வாங்கி வைத்திருந்த பொன்னாடையை அவர் எடுத்து எனக்குப் போர்த்தினார். இதற்குள் செல்வி இறங்கிப் போய்விட்டாள்.

கன்னியம்மா கத்துவாள் என்று பயந்தேன். கத்தவில்லை. எங்கேயோ போய்க் கூடையோடு வந்தாள். ஊஞ்சலுக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, மணலை இரண்டு கையாலும் வாரிக் கூடையில் போட ஆரம்பித்தாள். மற்றப் பெண்களும் வந்தார்கள். அள்ளினார்கள், தூக்கிக்கொண்டு போனார்கள், திரும்பி வந்து மறுபடி அள்ளினார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது அவள் நின்றாள்.

"மண்ணு எங்களுது பாப்பா. ஊஞ்சலை நீங்களே வெச்சிக்கோங்க."

"இவர்கள் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டார் அதிகாரி.

"சிரமதானம் சார்" என்றேன்.

பந்தலே கைதட்டியது. போட்டோக்காரர் ஓடிவந்து படம் எடுத்தார். பொன்னாடையோடு பல்லெல்லாம் தெரிய நான் சிரிக்கிறேன், பின்னால் கன்னியம்மா குனிந்து மணல் அள்ளுகிறாள். விழா நாளிலும் ஓயாமல் உழைக்கும் பெண்கள் என்று அந்தப் படம் பேப்பரில் வந்தது.

நான் பிறகு சும்மா இருந்துவிடவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது குடிசைப் பிள்ளைகளுக்கு விடுங்கள் என்று பெரியப்பாவிடம் போய் நின்றேன். யார் நாளைக் கொடுப்பது, நீயே கேட்டு வாங்கிக்கொள் என்றார். வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லாரும் உட்காரச் சொல்லி, டீ கொடுத்து, பக்கத்து வீட்டில் கேட்கச் சொன்னார்கள். நைனா மட்டும் நேராகச் சொன்னார்: "உடும்மா. உனக்குக் கல்யாணம் ஆவணும்." கல்யாணமே ஆகாத அந்தச் சித்தப்பாகூடத் தன் நாளை விடவில்லை.

பாதையை மட்டும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று பெரியப்பா பெருந்தன்மையாக அறிவித்தார். ஆனால் பாதை திடலை ஒட்டித்தான் போகிறது. குடிசைப் பிள்ளைகளில் சின்னதுகள் ஊஞ்சலைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழும், நகராது. கொஞ்ச நாள் இழுத்துப் பார்த்த தாய்மார்கள், பழையபடி முள்ளுக்குள் புகுந்து கல்லறையைச் சுற்றிக்கொண்டே பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். புதுப் பாதையில் எங்கள் தெரு ஆட்கள் கருவாடு காயப்போட்டார்கள். செல்வியின் காலில் மறுபடி கயிறு ஏறியது. நான் என் கண்ணால் பார்த்தேன். நிறுவனம் எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

வருஷங்கள் ஓடிவிட்டன. எங்கள் வீட்டில் இன்றைக்கும் பிள்ளைகள் ரிமோட்டுக்கோ மீன் தலைக்கோ சண்டை போட்டால், என் தம்பி கத்துவான்: "அக்காவைக் கூப்புடுங்கடா, பாடு போட்டுக் குடுக்கும்!" வீடே சிரிக்கும். புதிதாக வரும் மருமகள்களுக்குச் சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் போட்டோவைக் காட்டி, சித்தப்பா ஊஞ்சலாடிய கதையைச் சொல்வார்கள். பின்னால் குனிந்திருப்பது யார் என்று ஒருத்தி கேட்டாள். கூலிக்கு வந்தவங்க என்றாள் அம்மா. நான் திருத்தவில்லை, காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பழவேற்காடு மார்க்கெட்டில் செல்வியைப் பார்த்தேன். நண்டு விற்றுக்கொண்டிருந்தாள். அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எதிர்க் கடையில் தொங்கிய பொம்மைக் காருக்கு அவள் பையன் அடம்பிடித்தான். செல்வி நண்டின் காலைக் கட்டியபடியே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்.

"இன்னாடா, ஊஞ்சல் கேக்குறியா?"

பக்கத்தில் கூடை வைத்திருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். நான் ஒன்றும் புரியாமல் நிற்பதைப் பார்த்து, அவர்களில் ஒருத்தி விளக்கம் சொன்னாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. "எங்க ஆளுங்க அப்டித்தான் சொல்லுவோம்மா. பசங்க கெடைக்காததைக் கேட்டா." அப்போதுதான் செல்வி நிமிர்ந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். சிரிப்பை மட்டும் நிறுத்தவில்லை.

பையன் அழுகையை நிறுத்திவிட்டான். எங்கள் திடலின் ஊஞ்சலை அவன் பார்த்திருக்கவே வழியில்லை, அது துருப்பிடித்து விழுந்து எவ்வளவோ காலமாகிறது. அது தனக்குக் கிடைக்காது என்பது மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.