போங் மன்சிக் இளவரசர் ஆன வரலாறு

கும்தோக் நகரத்து மன்னர்கள் ஆயிரத்தைந்நூறு வருஷமாக மண்ணுக்குள் படுத்துக் காத்திருந்தது எதற்காக என்று யாராவது கேட்டால், மா ஜோங்பில் பிறந்து, வளர்ந்து, நகராட்சியில் சேர்ந்து, தங்களை நல்ல கோணத்தில் ஒரு படம் எடுப்பதற்காக என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்கு முன்னால் வந்தவர்களெல்லாம் அந்தக் கல்லறை மேடுகளை வீணடித்தவர்கள். அறிஞர்கள் தோண்டினார்கள். ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து ராஜாக்களின் பெயர்களை ஒப்பிக்கச் சொன்னார்கள். காதலர்கள் சரிவில் படுத்து மேகம் பார்த்தார்கள். மேடுகள் 'ஃபிரேமுக்குள்' எப்படி உட்காருகின்றன என்று ஒருவரும் கவலைப்படவில்லை.

மா ஜோங்பில் கவலைப்பட்டார். நகராட்சியின் நிலக்காட்சிப் படப் பிரிவுக்குத் தலைவரான முதல் வாரமே, கோட்டும் டையுமாக ஈரப் புல்லில் குப்புறப் படுத்து, செல்போனைத் தரையோடு தரையாக வைத்து, இரண்டு பெரிய மேடுகளுக்கு நடுவே பார்த்தார். இடது மேடு இறங்கியது. வலது மேடு ஏறியது. நடுவில், பழைய பேரிக்காய்த் தோட்டத்தின் ஓரத்தில், ஒரு குட்டி மேடு பணிவாக உட்கார்ந்திருந்தது. மூன்று வளைவும் ஒன்றாகச் சேர்ந்தன.

"இதுதாம்மா கும்தோக்" என்றார்.

பக்கத்தில் குடை பிடித்து நின்ற உதவியாளர் ஓக் மிரான், "சார், அந்தக் குட்டி மேட்டுல நம்ம பலகை நிக்குது" என்றாள்.

பலகை நகராட்சியே நட்டதுதான். தோட்டத்தை விலைக்கு வாங்கியதும், 'இக்கல்லறைக்கு உரியவர்கள் மூன்று மாதத்துக்குள் அலுவலகத்தில் தெரிவிக்கவும்' என்று எழுதி நட்டிருந்தார்கள். ஐந்து மாதம் ஆகியும் யாரும் வரவில்லை. அப்படிப்பட்ட கல்லறையைத் தோண்டி, எலும்பை எரித்து, சாம்பலை நகராட்சியின் சாம்பல் கூடத்தில் வைத்துவிடுவது வழக்கம். சாதாரண அதிகாரியாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார். மா ஜோங்பில் மூன்று கோப்புகள் எழுதினார். முதல் கோப்பில் அது 'உரியவர் இல்லாத கல்லறை'. இரண்டாவதில் 'யாருடையது என்று தெரியாத கல்லறை'. மூன்றாவதில் 'எக்காலத்தது என்று தெரியாத கல்லறை'. காலம் தெரியாதது பழமையானதாகத்தான் இருக்க வேண்டும். பழமையானது பெரிய மேடுகளுக்கு அருகில் இருந்தால் ராஜ குடும்பமாகத்தான் இருக்க வேண்டும். அளவில் சிறியதாக இருந்தால் இளவரசராகத்தான் இருக்க வேண்டும். மூன்றே கையெழுத்தில் ஒரு ராஜ வம்சம் நீண்டது. சரித்திரப் பேராசிரியர்கள் என்றால் முப்பது வருஷம் இழுத்தடித்திருப்பார்கள்.

"அப்போ அந்தப் பேர்க் கல்லு சார்?" என்றாள் மிரான். மேட்டின் முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. அதில் 'போங் மன்சிக்' என்று செதுக்கியிருந்தது.

"படத்துல அது வெள்ளையாத் துருத்திக்கிட்டு நிக்குதும்மா. பிடுங்கிரு."

"பேர் இருக்கே சார்."

"அப்போ பேரு கீழ வர்ற மாதிரி கவுத்துப் போடு."

எதையும் வீணாக்குவது மா ஜோங்பிலுக்குப் பிடிக்காது. கவிழ்த்த கல்லை, படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் நிற்கும் இடத்தில் பதித்து, அதன்மேல் மஞ்சள் பெயின்ட்டில் இரண்டு பாதங்களை வரையச் சொன்னார். அந்தப் பாதங்களின் மேல் நின்றால்தான் மூன்று வளைவும் தோளுக்கு மேலே சரியாக விழும்.

அடுத்த வசந்தத்தில் 'இளவரசர் மேடு' நாடெங்கும் செல்போன்களில் பரவியது. சனி, ஞாயிறுகளில் வரிசை பஸ் நிலையத்தைத் தொட்டது. டோக்கன் முறை வந்தது. ஆளுக்கு மூன்று நிமிஷம். நேரம் முடிந்தால் விசில் ஊத ஒரு சீருடைக்காரர். பழங்காலப் பட்டுடையை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகள் ஏழு முளைத்தன. பேக்கரியில் மேடு வடிவத்தில் பச்சைத் தேயிலை ரொட்டி வந்தது. உள்ளே வைத்திருக்கும் இனிப்புப் பயற்று உருண்டைதான் இளவரசர் என்று பேக்கரிக்காரர் விளக்கம் சொன்னார். மேட்டின் புல் ஏழு சென்டிமீட்டருக்கு மேலும் போகக்கூடாது, கீழும் போகக்கூடாது. மிரான் திங்கள்தோறும் ஸ்கேலோடு போய் அளந்தாள். 'ஆயிரம் ஆண்டு அமைதி'யைப் பதிவு செய்வதற்காக ஜனங்கள் இரண்டு மணி நேரம் முண்டியடித்தார்கள்.

சூசோக் திருநாளுக்குப் பத்து நாள் இருந்தது. ஊரெல்லாம் அவரவர் குடும்பத்துக் கல்லறையில் புல் வெட்டக் கிளம்பும் காலம். ஒரு காலையில், தோளில் புல்வெட்டும் மெஷினோடு ஒருவர் லேசாக நொண்டிக்கொண்டு வரிசையைத் தாண்டி நேராக மேட்டுக்குப் போனார். பெயர் போங் தல்சு. வயது அறுபத்தொன்று. முப்பத்திரண்டு வருஷம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

விசில் காது கிழிய ஊதியது. "யோவ், டோக்கன் எங்கய்யா?"

"புல்லு வெட்டறதுக்கு எதுக்குய்யா டோக்கன்?"

சத்தம் கேட்டு மா ஜோங்பிலே வந்துவிட்டார்.

"அது எங்கப்பா சார்" என்றார் போங் தல்சு.

"எது?"

"அந்த மேடு."

"மேடு உங்கப்பாவா?"

"மேட்டுக்குள்ள எங்கப்பா. எம்பத்தொம்பதுல நான்தான் பொதைச்சேன். போன வருஷம் இடுப்புல ஆபரேஷன், எந்திரிக்க முடியல. ஒரே ஒரு சூசோக்குதான் சார் வரல. அதுக்குள்ள கல்லக் காணோம், சுத்தி கயிறு கட்டிருக்கீங்க. ஒரு பொண்ணு எங்கப்பா மேல சாஞ்சுக்கிட்டு ஐஸ் காபி குடிக்குது!"

மா ஜோங்பிலுக்கு இரக்கம் பொங்கியது. தன் மேல்தான். எவ்வளவு கஷ்டப்பட்டு மூன்று கோப்புகள்! ஆனாலும் அவர் குரலை உயர்த்தவில்லை. போங் தல்சுவை அலுவலகத்துக்கு அழைத்துப்போய், பார்லித் தண்ணீர் கொடுத்து, மேசைமேல் இரண்டு தாள்களை வைத்தார்.

"அண்ணே, சட்டம் ரெண்டு வழி குடுக்குது. இந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டீங்கன்னா அவர் உங்கப்பா. ஆனா பாதுகாக்கப்பட்ட நிலக்காட்சிக்குள்ள தனியார் கல்லறை இருக்கப்படாது. முப்பது நாள்ல நீங்களே தோண்டி எடுத்துட்டுப் போயிரணும்."

"இந்தத் தாளு?"

"இதுல போட்டீங்கன்னா அவர் உங்கப்பா இல்ல. நிம்மதியா அங்கயே இருக்கலாம்."

"யாரு?"

"இளவரசர்."

போங் தல்சு இரண்டு தாள்களையும் ஓரமாகத் தள்ளினார். "சார், அந்தப் பெரிய மேடு ஒரு பக்கம் சரிஞ்சு கெடந்துச்சு, தெரியுமா? அதை நிமித்தினப்போ முதுகுல மரச்சட்டத்தக் கட்டிக்கிட்டு மண்ணு சொமந்தவரு எங்கப்பா. நீங்க படம் புடிக்கிற அந்த வளைவே அவரு கொட்டின மண்ணுதான். அதைப் பாத்த மாதிரி படுக்கணும்னு ஆசப்பட்டாரு. தோட்டத்துச் சொந்தக்காரரும் சரின்னாரு."

"அது எந்தக் கோப்புலயும் இல்லியே அண்ணே."

"நான் வேற ஒண்ணும் கேக்கல சார். வருஷத்துக்கு ஒருக்கா வந்து புல்ல வெட்டிட்டு, ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறேன்."

"புல்லு வெட்டக்கூடாது. ஏழு சென்டிமீட்டர். கும்பிடறது தாராளமா கும்பிடலாம். பொதுமக்கள் யார் வேணா வரலாம். டோக்கன் எடுத்துக்குங்க."

'மேற்படி மேட்டில் உள்ளவருக்கும் எனக்கும் எவ்வித உறவும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்.' அப்பாவைத் தோண்டி எடுக்க மனம் வராமல், போங் தல்சு அதில்தான் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணியது. பேனா சரியில்லை என்று நினைத்த மா ஜோங்பில் பெரிய மனதோடு தன் பேனாவையே எடுத்துக் கொடுத்தார்.

சூசோக் அன்று காலை ஆறு மணிக்கே வந்தும் போங் தல்சுவுக்குக் கிடைத்தது டோக்கன் எண் நூற்று அறுபத்து மூன்று. முன்னால் நின்ற ஜோடியில் ராணி வேஷத்தில் இருந்த பெண் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயா, தனியாவா வந்தீங்க? போன குடுங்க, நாங்க எடுத்துத் தர்றோம்."

"வேணாம்மா. நான் படத்துக்கு வரல."

"பின்ன எதுக்கு இவ்ளோ நேரமா வரிசையில நிக்கறீங்க?"

அவளோடு வந்த ராஜா அவள் காதில், "விடு, டிபன் கேரியரப் பாரு, பிக்னிக் போல" என்றான்.

முறை வந்தது. போங் தல்சு மஞ்சள் பாதங்களில் நிற்கவில்லை. தாண்டிப் போய்ப் பாயை விரித்தார். உலர்ந்த மீன், செஸ்ட்நட், சீமைப் பனிச்சைப் பழம், அரிசி மாவுக் கொழுக்கட்டை. கிண்ணத்தில் அரிசிக் கள்ளை ஊற்றி மூன்று தடவையாகப் புல்லில் விட்டார்.

"ஒரு நிமிஷம் ஆச்சு!" என்றார் விசில்காரர்.

முதல் கும்பிடு.

"ஐயா, இந்தப் பக்கம் திரும்புங்க! முகமே தெரியல!" என்று வரிசை அக்கறையோடு கத்தியது.

இரண்டாவது தடவை கும்பிட்டபோது நெற்றி தரையில் பட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. "அப்பா, எழுதிக் குடுத்துட்டேம்ப்பா" என்று புல்லுக்குள் சொன்னார். விசில் ஊதியது. மறுபடியும் ஊதியது. அந்த நேரத்தில்தான், ஈரப் புல்லில் குப்புறக் கிடந்த மா ஜோங்பில் கண்டார்: மூன்று வளைவுக்குக் கீழே நான்காவதாக ஒரு மனித முதுகு! சொர்க்கமே இறங்கி வந்து ஃபிரேமுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பதினாறு தடவை கிளிக் செய்தார்.

'பெயர் தெரியாத இளவரசர் முன் பெயர் தெரியாத குடிமகன்' என்று தலைப்பிட்டு அனுப்பிய அந்தப் படம், தேசிய நிலக்காட்சிப் போட்டியில் முதல் பரிசு பெற்றது. ஒரு பெயர் அவர் கவிழ்க்கச் சொன்ன கல்லின் அடியிலும், இன்னொன்று அவர் மேசை இழுப்பறையில் அவர் முத்திரையோடும் இருந்தன. ஆனால் தலைப்பில் பெயர் வந்தால் 'மர்மம்' போய்விடும் என்பது கலை தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நவம்பரில் நகராட்சி மண்டபத்தில் விழா. சுவர் முழுக்கப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். போங் தல்சு கறுப்புக் கோட்டுப் போட்டு வந்திருந்தார். 'ஒரு வார்த்தை பேசாம பக்கத்துல நில்லுங்க அண்ணே, அடுத்த வருஷத்துலருந்து உங்களுக்கு டோக்கனே வேணாம்' என்று மா ஜோங்பில் வாக்குக் கொடுத்திருந்தார். தலைநகரிலிருந்து வந்த நடுவர் அம்மாள் விருதைக் கொடுத்துவிட்டு, நேராகப் போங் தல்சுவிடம் வந்தார்.

"என்ன உருக்கம்! இளவரசர்கிட்ட அப்படி என்னய்யா வேண்டிக்கிட்டீங்க?"

"அவரு கூச்ச சுபாவம்..." என்று ஆரம்பித்தார் மா ஜோங்பில்.

போங் தல்சு சுவரைப் பார்த்தார். மேடு, புல், தன் முதுகு. அப்பாவின் பெயர் மட்டும் எங்குமே இல்லை.

"மன்னிப்புக் கேட்டேம்மா."

"இளவரசர்கிட்டயா?"

"எங்கப்பாகிட்ட."

"பாத்தீங்களா!" என்று மா ஜோங்பில் கை தட்டினார். "ராஜ குடும்பத்தையே பெத்த தகப்பனா நெனைக்கிற ஜனங்க எங்க ஊரு ஜனங்க!" மண்டபமே கை தட்டியது. நடுவர் அம்மாள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

போங் தல்சு கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். அன்று அலுவலகத்தில் கையெழுத்துப் போடாமல் மடித்து எடுத்துவந்த முதல் தாள். அதில் இப்போது கையெழுத்து இருந்தது. கோணல் இல்லை.

"எங்கப்பா பேரு போங் மன்சிக். நாளைக்கு வந்து அவரக் கூட்டிட்டுப் போறேன் சார்."

மா ஜோங்பில் அவரைத் தூணோரம் இழுத்துப்போனார். "அண்ணே, வெளையாடாதீங்க. அந்த மேடு போச்சுன்னா படமே போச்சு! கொஞ்சம் யோசிங்க. அவ்ளோ அழகான எடத்த விட்டுட்டு எங்க கொண்டுபோய் வைப்பீங்க? சாம்பல் கூடத்துல, அலமாரிப் பொந்துல. அங்கயும் நம்பர்தானே குடுப்பாங்க?"

"நம்பர்தான் சார். ஆனா நம்பருக்குப் பக்கத்துல பேரு எழுதுவாங்க."

மறுநாள் போங் தல்சு லாரியும் ஆட்களுமாக வந்து தோண்டினார். நகராட்சி சார்பில் யாரும் வரவில்லை. மிரான் மட்டும் வந்து, கடப்பாரையால் அந்தக் கல்லைப் பெயர்த்துப் புரட்டி, செதுக்கிய எழுத்துக்குள் அடைந்திருந்த மண்ணைத் தன் ஸ்கேல் முனையால் கிளறி எடுத்து, லாரியில் ஏற்றிவிட்டாள்.

சாதாரண மனிதராக இருந்தால் அத்தோடு மா ஜோங்பில் உடைந்துபோயிருப்பார். அவர் ஒரு நாள்தான் சாப்பிடாமல் இருந்தார். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் காரேஜுக்குப் பள்ளம் வெட்டிய மண் மூன்று லாரி கிடைத்தது. பரிசு பெற்ற படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "லெஃப்ட்ல இன்னும் ரெண்டு கூடை! போதும்! மேல தட்டு!" என்று நான்கே நாளில் அதே வளைவைக் கொண்டுவந்துவிட்டார். மேலே ஏழு சென்டிமீட்டர் புல்லைப் பாய் மாதிரி விரித்தார்கள். புதிய கல்லில் புதிய மஞ்சள் பாதங்கள். திறந்த அன்று முதல் டோக்கனில் வந்த பெண் மேட்டில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடி, "ஆயிரம் வருஷம் பேசறது கேக்குதுடா" என்றாள். அன்று டோக்கன் இருநூற்றைத் தாண்டியது.

இதைக் கேள்விப்பட்ட சில பொறாமைக்காரர்கள், மா ஜோங்பில் வெறும் மண்ணைக் குவித்துவைத்து ஊரை ஏமாற்றுகிறார் என்று பேசித் திரிகிறார்கள். இது அபாண்டம். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. உள்ளே போங் மன்சிக் படுத்திருந்தபோதும் அவருக்கு அது வெறும் மண்தான்.