ஹெட்செட் மாட்டிய ஞானதிருஷ்டி

"இன்று வரிசையில்! நாளை வானத்தில்!"

அந்தப் பெரிய ஹோட்டலின் வாசலில் மூன்று ஆள் உயரத்துக்குப் பேனர் தொங்கியது. அதற்குக் கீழே வரிசை. சாதாரண வரிசையா அது? வாசலில் தொடங்கி, மருந்துக்கடையைத் தாண்டி, பெட்ரோல் பங்க்கை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் ஹோட்டலின் பின்வாசலுக்கே வந்து சேர்ந்திருந்தது. அத்தனை பேரும் வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. அத்தனை பேர் கையிலும் கறுப்பு ஃபைல். விமானம் ஓட்டுவதற்கு அரசாங்க உரிமம் வாங்கியவர்கள்தான் எல்லாரும். ஓட்டுவதற்கு விமானம்தான் யாரிடமும் இல்லை.

உள்ளே நடப்பது விமானிகளுக்கான வேலைவாய்ப்பு முகாம். வேலை இல்லாதவனிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு வேலையைப் பற்றிப் பேசும் இடத்துக்கு அப்படித்தான் பெயர். கட்டணத்தில் மூன்று வகுப்பு. எகானமி டிக்கெட் வாங்கினால் பின்னால் நிற்கலாம். பிசினஸ் வாங்கினால் உட்காரலாம். ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினால்? கேப்டன் உங்கள் ஃபைலைத் தொடுவார்!

தொடுவதற்கா இவ்வளவு காசு என்று கேட்பவர்களுக்குக் கேப்டனைத் தெரியாது. தோளில் நாலு தங்கக் கோடு. முடியில் பளபளக்கும் சாயம். மேடையில் காதை மூடும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, மூடிய ஃபைல்மேல் கை வைப்பார். திறக்கவே மாட்டார். ஃபைலின் சொந்தக்காரன் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறான் என்று புட்டுப்புட்டு வைப்பார். பிறகு அதற்கு ஒரு தங்க நாடா கட்டுவார். நாடா கட்டிய ஃபைல் விமான நிறுவனத்தின் மேஜைக்கு நேராகப் போய்விடும் என்பது பேச்சு. போன ஃபைல் அங்கே என்ன ஆயிற்று என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

இத்தனைக்கும் இவர்கள் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. டேங்க் நிறைய எரிபொருள் இருக்கிறது என்று மீட்டரே சொன்னாலும் நம்பாமல், மூடியைத் திறந்து குச்சியை விட்டு அளந்து பார்த்த பிறகுதான் விமானத்தைக் கிளப்புவார்கள். பயிற்சி அப்படி. ஆனால் கேப்டனின் கையை அளந்து பார்க்கக் குச்சி கொண்டுவந்தவர் அந்த வரிசையில் ஒருவரும் இல்லை.

வரிசையின் நடுவில் நின்றுகொண்டிருந்தான் பைலட். விமானியாக அவன் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. தெருக்காரர்கள் வைத்த பெயர் அது. "பைலட், எங்க வீட்டுத் தண்ணி மோட்டார் ஓடல, கொஞ்சம் வந்து பாரேன்" என்று கூப்பிடுவார்கள். உரிமம் வாங்கி இரண்டு வருஷத்தில் அவன் ஓட்டியதெல்லாம் அந்த மோட்டார்களைத்தான்.

அவனுக்குப் பக்கத்தில் அவனுடைய அக்கா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சாதாரணமாக லீவு போடமாட்டாள். இன்று போட்டிருந்தாள், காரணம் அவன் பாக்கெட்டில் இருந்த பணம்.

அது அவள் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம். மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கு ஒரு தகுதிச் சான்று உண்டு; ஐ.ஆர். என்பார்கள். அவனுடைய ஐ.ஆர். இந்த மாதக் கடைசியில் காலாவதியாகிறது. புதுப்பிக்க, ஒரு பரிசோதகரை உட்கார வைத்துப் பறந்து காட்ட வேண்டும். அதற்குத்தான் அந்தப் பணம். தம்பியோ அதை எடுத்து ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட்டில் போடுகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

"ஐ.ஆர். போயிடுச்சுன்னா எவன்டா உன்னக் கூப்பிடுவான்?" என்றாள் அக்கா.

"உனக்குப் புரியாதுக்கா. கேப்டன் நாடா கட்டிட்டா வேலை கையில. அப்புறம் கம்பெனியே எல்லாத்தையும் புதுப்பிச்சுக் குடுக்கும்."

"எந்தக் கம்பெனி?"

"ஏதாவது ஒண்ணு."

"பேர் தெரியாத கம்பெனிக்கு, பேர் தெரியாத ஆளு, நாடா கட்டி விடறாரு. சரி."

முன்னால் நின்ற குச்சி திரும்பினான். பைலட்டோடு ஒன்றாகப் படித்தவன். உடம்பைப் பார்த்து வைத்த பெயர். "அக்கா, நான் இதுவரைக்கும் நாலு முகாம் பாத்துட்டேன். நாலு நாடா இருக்கு வீட்டுல."

"வேலை?"

"அஞ்சாவதுலதான் எனக்குக் கிளிக் ஆகும்னு கேப்டன் கைய வச்சே சொல்லிட்டாரு."

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

வாசலில் ஒரு பெண் கணினியோடு உட்கார்ந்திருந்தாள். பறந்த மணிநேரத்தைக் கேட்டுப் பதிந்துகொண்டு, ஃபைலில் ஒரு நம்பரை ஒட்டித் தந்தாள். ஃபர்ஸ்ட் கிளாஸ் உள்ளேதான் கிடைக்கும் என்பதால் பைலட் இப்போதைக்கு ஒரு எகானமி டிக்கெட்டை வாங்கிக்கொண்டு தன் இருநூற்றுச் சொச்ச மணியைச் சொன்னான். அடுத்ததாக அக்கா நின்றாள். அவளும் ஒரு கறுப்பு ஃபைல் வைத்திருந்ததை அப்போதுதான் அவன் கவனித்தான்.

"உங்க ஹவர்ஸ் மேடம்?"

"ஆயிரத்து இருநூத்து முப்பத்தேழு" என்றாள் அக்கா, கண் சிமிட்டாமல்.

பெண் அப்படியே தட்டினாள். உரிமம் எங்கே என்று கேட்கவில்லை. காசை மட்டும் எண்ணி வாங்கினாள்.

"என்னக்கா பண்ற?" பைலட்டுக்கு வியர்த்துவிட்டது. "மானத்த வாங்காத!"

"நான் டிக்கெட் வாங்கியிருக்கேன்டா. எகானமி. பேசாம வா."

உள்ளே ஏசி குளிரும் சென்ட் வாசனையும் மூக்கை அடைத்தன. சுவரோரமாக விமான நிறுவனங்களின் மேஜைகள். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்த மேஜைக்குப் பைலட் போனான். அவர் ஃபைலை வாங்கவே இல்லை. கம்பெனி பேர் அச்சடித்த ஒரு பேனாவைக் கொடுத்தார்.

"எங்க வெப்சைட்ல அப்ளை பண்ணுங்க தம்பி. அதுக்குக் காசு கிடையாது."

"இங்க குடுத்தா சீக்கிரம் பாப்பீங்கல்ல மேடம்?"

"இங்க மேஜை போட நாங்கதான் வாடகை குடுத்திருக்கோம். கம்பெனி பேரு நாலு பேருக்குத் தெரியணும்ல. ஆள் எடுக்கறது சிஸ்டம்தான். ஐ.ஆர். உயிரோட இருக்கா? அதத்தான் சிஸ்டம் முதல்ல பாக்கும். இல்லன்னா உங்க பேரே மேல வராது."

அக்கா தம்பிப் பக்கம் திரும்பினாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஆனால் நம்பிக்கை பிடித்தவனுக்கு உண்மை காதில் விழுந்தால்கூட வேறு மாதிரிதான் விழும். "எகானமி டிக்கெட்காரனுக்கு இப்படித்தான் சொல்வாங்க" என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டான் பைலட். ஃபர்ஸ்ட் கிளாஸ் கவுன்ட்டருக்குப் போய் முதல் ஆளாக நின்றான். கேப்டன் முதலில் மாதிரிக்கு இரண்டு மூன்று ஃபைலை இலவசமாகத் தொட்டுக் காட்டுவாராம்; அந்த அற்புதம் முடிந்ததும் கவுன்ட்டர் திறக்குமாம். பசியைக் கிளப்பிவிட்டுத்தானே சாப்பாட்டைக் காட்ட வேண்டும்!

விளக்குகள் மங்கின. ஸ்பீக்கரில் எஞ்சின் உறுமியது. புகைக்கு நடுவிலிருந்து கேப்டன் வந்தார். கைதட்டலில் கூரை பெயர்ந்துவிடும்போல் இருந்தது.

"பிள்ளைகளே! முப்பது வருஷம் ஆகாயத்துல வாழ்ந்தவன் நான். ஆகாயம் என்கிட்ட பேசும்!" ஹெட்செட்டை மாட்டினார். அதிலிருந்து ஒரு ஒயர் முதுகுப்பக்கமாக இறங்கித் திரைக்குப் பின்னால் போனது. ஆகாயம் திரைக்குப் பின்னால்தான் குடியிருந்தது போலும்.

உதவியாளர் ஒரு ஃபைலை நீட்டினார். "முப்பத்தொண்ணாம் நம்பர் ஃபைல்!" என்று கேப்டன் உரக்கச் சொன்னார். கண்ணை மூடினார். "நூத்தித் தொண்ணூத்தஞ்சு மணி நேரம்!"

"ஆமா சார்!" என்று ஒருவன் கத்தினான். அழுதே விட்டான். தன்னுடைய மணிக்கணக்கு தனக்கே தெரிந்ததுதான் என்பது அந்த நேரத்தில் அவனுக்கு மறந்துபோயிருந்தது.

இரண்டாவதும் சரி. கூட்டம் எழுந்து நின்றது. மூன்றாவதாக அக்கா கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினாள். பெண் விமானி என்றால் மேடைக்கு அழகு என்று உதவியாளர் நினைத்திருக்க வேண்டும். ஃபைலோடு அவளையும் மேடையேற்றினார்.

"நாப்பத்தொன்பதாம் நம்பர் ஃபைல்!" கேப்டன் கை வைத்தார். புருவம் சுருங்கியது, விரிந்தது. "அடடா! ஆயிரத்து இருநூத்து முப்பத்தேழு மணி நேரம்! இந்த ஃபைலுக்குள்ள ஒரு புயல் இருக்கு. பக்கவாட்டுக் காத்துல ஒரு லேண்டிங். நீங்க பயந்தீங்க. ஆனா விடல! சரியாம்மா?"

அக்கா ஃபைலைத் திறந்து தலைக்கு மேலே பிடித்துத் திருப்பிக் காட்டினாள். வெள்ளைத் தாள்கள். ஒரு எழுத்துக்கூட இல்லை.

"நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேலை பாக்கறேன். விமானத்துல பயணியா ஏறினதுகூட இல்ல."

முன்வரிசைக்காரர்கள் கழுத்தை நீட்டி அந்த வெள்ளைத் தாள்களைப் பார்த்தார்கள்.

"எங்க கூடத்துல மெஷின் மேல சந்தேகம் வந்தா ரத்தத்துக்குப் பதிலா வெறும் தண்ணிய வச்சுப் பாப்போம். தண்ணிக்கும் சர்க்கரை வியாதின்னு மெஷின் சொல்லிச்சுன்னா, கோளாறு தண்ணியில இல்ல. சார், உங்களுக்கு நான் வச்சது தண்ணி. நீங்க புயலே அடிக்குதுன்னுட்டீங்க. வாசல்ல அந்தப் பொண்ணுகிட்ட நான் அடிச்சுவிட்ட நம்பர் உங்க வாயில எப்படி வந்துச்சு?"

கேப்டன் லேசுப்பட்டவரா? ஒரு நொடிதான் தடுமாறினார். "அம்மா! இது நீங்க இனிமே பறக்கப்போற மணி நேரம்! ஆகாயம் எதிர்காலத்தையே காட்டிருச்சு!"

கூட்டத்தில் பாதி கைதட்டியது என்றால் நம்புவீர்களா? தட்டியது. குச்சி விசிலே அடித்தான்.

கவுன்ட்டர் முன்னால் நின்ற பைலட் தட்டவில்லை. அக்காவைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற பயமும், தன்மேலேயே வந்த வெட்கமும் சேர்ந்து அவன் காது சிவந்துவிட்டது. அவன் கண் அந்த ஒயரிலேயே நின்றது. ஹெட்செட் எதற்கு? மறுமுனையில் ஒருவர் பேசுவார், இந்த முனையில் நாம் கேட்போம். பயிற்சியின் முதல் நாளே சொல்லிக் கொடுத்த சங்கதி. தினமும் அதைக் காதில் மாட்டியவர்கள்தான் இந்த அரங்கில் இருந்த அத்தனை பேரும். மறுமுனையில் யார் என்று ஒருவனுக்காவது கேட்கத் தோன்றியதா? தனக்கே தோன்றவில்லையே!

வரிசையை விட்டு விறுவிறுவென்று மேடையேறினான்.

"சார், என் ஃபைலு. நாப்பத்தெட்டு. ஹெட்செட்டைக் கழட்டிட்டு, கை வச்சு மட்டும் சொல்லுங்க."

"அது இல்லாம ஆகாயத் தொடர்பு கிடைக்காது தம்பி."

"குடுங்க, தொடர்பு எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்றேன்." கேப்டன் சுதாரிப்பதற்குள் ஹெட்செட் அவன் கைக்கு வந்துவிட்டது. மேடை மைக்கை அதன் காதுப் பக்கத்தில் வைத்தான். அரங்கம் முழுக்க ஒரு பெண் குரல் கேட்டது. வாசலில் காசு வாங்கிய அதே குரல்.

"நாப்பத்தெட்டு, இருநூத்துப் பதினொண்ணு சார். கேக்குதா? சார்? அந்தப் பொம்பளைய முதல்ல கீழ அனுப்பிட்டு ஃபர்ஸ்ட் கிளாஸ் கவுன்ட்டரத் திறக்கச் சொல்லுங்க சார். கூட்டம் சூடா இருக்கறப்பவே வசூல் பண்ணிடலாம். சார், கேக்குதா?"

ரேடியோவில் கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய். "தெளிவா கேக்குதுங்க" என்றான் பைலட். "எல்லாருக்கும் கேக்குது."

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவா வேண்டும்? நாற்காலிகள் சாய்ந்தன. "காசு! காசு!" என்று அரங்கம் அதிர்ந்தது. முப்பது வருஷம் ஆகாயத்தில் வாழ்ந்தவர் சமையல்கூட வழியாக ஓடப் பார்த்தார். ஹோட்டல் காவலாளிகள் பாத்திரம் கழுவும் இடத்தில் வைத்துப் பிடித்தபோது, தோளிலிருந்த தங்கக் கோடுகளைக் கழற்றிப் பாக்கெட்டில் ஒளித்துக்கொண்டிருந்தார். விமானம் ஓட்டத் தெரியுமா என்று காவலாளி கேட்டதற்கு, மேடை நாடகத்தில் விமானியாக நடித்திருப்பதாகச் சொன்னாராம்.

வெளியே நடைபாதையில் நின்று பைலட் பயிற்சிப் பள்ளிக்குப் போன் போட்டான். பரிசோதகருக்கு வியாழக்கிழமை நேரம் இருந்தது. பணத்தைக் கட்டிவிட்டு அக்காவைப் பார்த்தான். 

"மன்னிச்சிடுக்கா. எல்லாத்தையும் தூக்கிக் குடுத்திருப்பேன்."

"குடுக்கலல்ல? விடு. வேலை கிடைக்குமான்னு எனக்கும் தெரியாதுடா. ஆனா கூப்பிடுறப்ப உன் பேரு அந்த சிஸ்டத்துல இருக்கணும்."

அப்போது குச்சி மூச்சிரைக்க ஓடிவந்தான். ஏமாந்தவன் முகம் எப்படி இருக்கும்? அப்படி இல்லை அவன் முகம்.

"டேய், எல்லாம் சரி. ஆனா என்ன இருந்தாலும் நம்பரை எல்லாம் கரெக்டாதானேடா சொன்னாரு? அடுத்த மாசம் இன்னொருத்தர் முகாம் போடறாராம். அவரு ஹெட்செட்டே போடறதில்லையாம். வர்றியா?"

பைலட் அவன் தோளில் கை போட்டான். "குச்சி, விமானத்துல ஆட்டோபைலட் போட்டா நம்ம கை சும்மா இருக்கலாம். அது தப்பாப் போனா சிவப்பு விளக்கு எரியும், மணி அடிக்கும், நம்மள எழுப்பிடும். நீ மூளையையே அதுல போட்டு வச்சிருக்க. அதுக்கு எவன்டா மணி அடிப்பான்? நீயேதான் முழிச்சுக்கணும்!"