சத்தமில்லாத விசிறியைத் தேடுபவர்

வாசகரே, மனிதருள் பொருளை வாங்குவோர் உண்டு, வாங்காதோர் உண்டு. இவ்விரு வகையோடு உலகம் முடிந்துவிட்டதென்று நீங்கள் நிம்மதியாக இருந்தால், மூன்றாவது இனம் ஒன்றை உங்களுக்கு அறிமுகப்படுத்துவது என் கடமை. அவர் பெயர் ஒப்புநோக்கி. அவர் வாங்கப்போகிறார். எப்போதும்.

நானறிந்த ஒப்புநோக்கியின் வீட்டில் ஒரு பழைய கணினி இருந்தது. அதன் பிராசஸர்மேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கும் கூலர் விசிறி, மூப்பின் காரணமாக மாவு மில் போல இரைந்தது. அக்கணினியில்தான் அவர் மனைவி ஒரு தடித்த நூலை மொழிபெயர்த்து வந்தார். மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால் வேலை வேறொருவர் கைக்குப் போய்விடும் என்று பதிப்பாளர் சொல்லியிருந்தார். இரைச்சல் அந்த அம்மையாருக்குப் பழகிவிட்டது. கணவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"சத்தமே போடாத ஒன்னா பாத்து வாங்கி மாட்டிடறேன். நீ நிம்மதியா வேலை பாரு."

நல்ல எண்ணந்தான். கெட்ட எண்ணத்தோடு தொடங்கிய ஒப்புநோக்கி எங்கேனும் உண்டா?

முதல் வேலையாக, அளவு பார்ப்பதற்கென்று பழைய விசிறியைக் கழற்றினார். அடுத்து, விசிறியின்றி ஓடினால் பிராசஸர் வெந்துவிடும், ஆகையால் கணினியை யாரும் தொடக்கூடாது என்று ஆணையிட்டார். பின்பு ஆராய்ச்சியில் இறங்கினார்.

"வேலை கெடக்கு. பழசையே மாட்டிக் குடுங்களேன்," என்றார் மனைவி.

"மாட்டணும்னா நடுவுல சூட்டைக் கடத்துற பேஸ்ட் புதுசா தடவணும். எந்தப் பேஸ்ட்டுன்னு இன்னும் முடிவு பண்ணலியே?"

விசிறிகள் எவ்வளவு மெதுவாக ஒலிக்கின்றன என்பதைக் காட்டும் காணொளிகளைக் கைப்பேசியில் போட்டு, அதன்மேல் காதைச் சாய்த்துக்கொண்டு, அறையின் மின்விசிறியை நிறுத்தி, வியர்த்து வழிந்த பிள்ளைகளை "மூச்சு விடாதீங்கடா!" என்று அதட்டி, அடுப்பிலிருந்த குக்கரையும் இறக்கச் சொல்லி, ஒன்றுமே கேட்காத அந்த ஒலியை அவர் மறுபடி மறுபடி கேட்டார். கண் மூடியிருக்கும். முகத்தில் சங்கீத ரசனை.

மைத்துனர் ஒருநாள் வாய்விட்டார்.

"அத்தான், நேத்து நீங்க காட்டின வெள்ளை விசிறி நம்ம பழைய பிராசஸருக்குப் பொருந்துமில்ல?"

"பொருந்தும்."

"சத்தம்?"

"கேக்கவே கேக்காது."

"அப்ப வாங்கிட வேண்டியதுதானே?"

"அவசரப்பட்டா எப்படி? அதைவிடக் கம்மியாக் கேக்காத கறுப்பு ஒன்னு இருக்காம்."

"கேக்காததுல என்ன அத்தான் கம்மி, ஜாஸ்தி?"

ஒப்புநோக்கி அவரை இரக்கத்தோடு பார்த்தார். ஞானிகள் பாமரரைப் பார்க்கும் பார்வை அது.

மறுநாள் மனைவி, மொழிபெயர்ப்பின் பிரதியிருந்த பென்டிரைவை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். "இங்கயும் கம்ப்யூட்டர் கத்தத்தான் செய்யுது. ஆனா ஓடுதுங்க," என்று தொலைபேசியில் தகவல் வந்தது. நூலைக் கெடுவுக்குள் முடித்துக் கொடுத்தார். அடுத்த நூலையும் அங்கேயே தொடங்கிவிட்டார். திரும்பி வருவதைப் பற்றிப் பேச்சில்லை.

குக்கரில்லை, குழந்தைகளில்லை, கூப்பிட ஆளில்லை. அந்த நிசப்தத்தில், வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வேறுபாடு தம் காதுக்கு முதன்முறையாகத் தெளிவாகக் கேட்டதாக ஒப்புநோக்கி என்னிடம் பூரிப்போடு சொன்னார். இனி முடிவெடுத்துவிடலாமாம். சாம்பல் நிறத்தில் ஒன்று வரவிருப்பதுதான் சிறு தடை.

அவரை எண்ணிச் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால், "அதெல்லாம் சரி, வெள்ளையா கறுப்பா, எதுதான் நல்லது?" என்று உங்கள் உள்ளத்தில் ஒரு கேள்வி மெல்லத் தலைதூக்கியிருந்தால், வாசகரே, உங்கள் வீட்டில் யாராவது பெட்டி கட்டுகிறார்களா என்று ஒருமுறை எழுந்து பார்த்துவிடுங்கள்.