கொலோனுக்கு உத்திரட்டாதி

வாசகரே, ஊருக்கு ஊர் இப்படி ஓர் ஆளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே கோப்பையை மனசுக்குள் வாங்கி, முத்தம் கொடுத்து, பூஜை அலமாரியில் வைத்துவிட்டு வந்து நிற்பவர். இவரை ரசிகர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். ரசிகர் ஆட்டத்தைப் பார்ப்பவர். இவர் சீசனை எதிர்பார்ப்பவர். ஆட்டம் ஆரம்பித்துவிட்டால் இவருக்குப் பாதி சந்தோஷம் போய்விடும். அதற்குப் பிறகு எதிரணியும் விளையாடத் தொடங்கிவிடுகிறதே!

இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்த ஒருவர் எங்கள் காஞ்சிபுரத்தில் இருக்கிறார். பெயர் காசிநாதன், வயது நாற்பத்தேழு. திருப்புட்குழியில் நெல் விளைவித்த குடும்பம். இவர் ஏனாத்தூரில் காலேஜ் வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஜெர்மனிக்குப் போனதில்லை. பந்தை உதைத்ததாகவும் தகவல் இல்லை. ஆனால் ஜெர்மனியின் முதல்நிலைக் கால்பந்து லீகில் ஆடுகிற பதினெட்டு அணிகளில் கொலோன் என்ற ஓர் அணியைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'அவர்கள்' என்று சொல்லவே மாட்டார். "நாங்க இந்த வாட்டி ஒரு லெஃப்ட் பேக் வாங்கிக்கினோம்பா" என்பார். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங் செய்ய வந்த பிள்ளைகள், மனிதர் மெஷினுக்கு ஏதோ ஸ்பேர் பார்ட் வாங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எப்படிப் பிடித்தது இது? கொரோனா ஊரடங்கில். கடை மூடி, காலேஜ் மூடி, வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மே மாதத்தில், பெரிய லீகுகளில் முதலாவதாகத் திரும்பி வந்தது ஜெர்மன் லீக்தான். எந்த அணியைப் பிடிப்பது என்று தெரியாமல் முழித்தவருக்கு, கொலோன் அணி ஹென்னெஸ் என்ற உயிருள்ள ஆட்டுக்கடாவைத் தன் சின்னமாக வளர்க்கிறது என்று தெரியவந்தது. "ஆடு வளக்கறவன் நம்மாளுடா" என்று அன்றைக்கு முடிவு செய்தவர்தான். மனைவி கலாவதி, கணவர் ஏதோ தலைவலிக்குப் போடுகிற ஓடிகொலோனைப் பற்றித்தான் பேசுகிறார் என்று ஒரு வாரம் நம்பியிருந்தார்.

அந்த அணி கடைசியாக சாம்பியன் ஆன வருடம் 1978. காசிநாதன் பிறந்த வருடமும் அதே. தற்செயல் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவர் நினைக்கவில்லை. இவர் பிடித்த பிறகு ஒரு முறை கீழ் டிவிஷனுக்குப் போய், ஒரே வருடத்தில் மேலே ஏறி வந்ததும் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. 2025 ஜூன் கடைசியில் புது சீசனின் போட்டி அட்டவணை வந்த அன்று, கடையில் முப்பது பேர் ஹால் டிக்கெட் பிரிண்ட்டுக்கு வரிசையில் நிற்க, இவர் அட்டவணையை ஏ-த்ரீ தாளில் கலரில் அடித்து, லேமினேட் செய்து, சுவரில் மாட்டி, மாலையும் போட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டார். அர்ச்சனைக்கு.

"யார் பேருக்கு?" என்றார் குருக்கள்.

"கொலோன் பேருக்கு சாமி."

குருக்கள் பல ஊர்ப் பெயர்களைக் கேட்டவர். "நட்சத்திரம்?"

காசிநாதன் தயாராகத்தான் போயிருந்தார். கிளப் தொடங்கிய தேதி 1948 பிப்ரவரி 13. ஜாதக ஆப்பில் போட்டுப் பார்த்தாயிற்று. "உத்திரட்டாதி. மீன ராசி."

"கோத்திரம்?"

"தெரியாது சாமி. ஆடு வளக்கறாங்க."

குருக்கள் ஒரு கணம் அவரைப் பார்த்தார். "சிவ கோத்திரம்னு வெச்சுப்போம்" என்று மந்திரத்தைத் தொடர்ந்தார். பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை.

அதோடு விட்டாரா? நேராக நெசவாளர் தர்மன் வீட்டுக்குப் போய், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டில் ஒரு துண்டு நெய்து, நடுவில் ஜரிகையில் ஆடு போட்டுத் தரச் சொன்னார்.

"மயில் இருக்குது, யானை இருக்குது, அன்னம் இருக்குது, யாளிகூட இருக்குது" என்றார் தர்மன். "ஆடு எங்க அப்பா காலத்துலருந்தே கெடையாதுபா. எவன் கட்டுவான்?"

"நான் கட்டிக்கிறேன். கொம்பு மட்டும் கரெக்டா வரணும்."

மூன்று வாரம் கழித்து ஆடு வந்தது. கொஞ்சம் யாளி ஜாடை இருந்தது. அதனால் என்ன, பயமாக இருந்தால் நல்லதுதானே!

இந்தக் கொண்டாட்டத்தின் நடுவே வீட்டில் வேறொரு காரியமும் நடந்துகொண்டிருந்தது. ஒரே மகள் அபிநயா நர்சிங் முடித்தவள். ஒன்றரை வருடமாகச் சென்னைக்கு ரயிலில் போய்வந்து ஜெர்மன் மொழி படித்தாள். அவள் ஜெர்மன் படிப்பது தனக்காகத்தான் என்றும், பயிற்சியாளரின் பேட்டிகளை மொழிபெயர்க்க ஆள் கிடைத்துவிட்டது என்றும் காசிநாதன் நம்பியிருந்தார். ஜூலை கடைசியில் அவளுக்கு வேலை உறுதியாகிக் கடிதம் வந்தது. விசா வேலைகள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன. ஆஸ்பத்திரியும் ஊரும் மட்டும்தான் பாக்கியாக இருந்தன; கடிதத்தில் அவையும் வந்துவிட்டன. அவள் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

"எந்த ஊரும்மா?" என்றார் காசிநாதன். முகம் முழுக்கச் சிரிப்பு.

"மொன்ஷென்கிளாட்பாக், நைனா."

சிரிப்பு அப்படியே நின்றது. வாசகரே, உங்களுக்கு விளங்காது. காஞ்சிபுரத்துக்கும் தாம்பரத்துக்கும் உள்ள தூரத்தில், கொலோனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் அது. அந்த ஊர் அணியும் கொலோன் அணியும் ஜென்ம விரோதிகள். மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் பங்காளி சண்டைக்காரன் வீட்டு வாசலில் இறங்கினால் எப்படி இருக்கும்?

"வேற ஊர் கேளு."

"நைனா, இது பஸ் சீட் இல்ல, மாத்திக் கேக்கறதுக்கு. ஆஸ்பத்திரி."

"அந்த ஊர்ல எம்பொண்ணு வேல செஞ்சா நான் கடையில எப்படி உக்காருவேன்? பசங்க சிரிப்பானுங்க."

"பசங்களுக்கு நீ இன்னா பேசறன்னே புரியாது" என்றார் கலாவதி.

அபிநயா இருபத்துமூன்று வயதுப் பெண். அப்பாவின் அனுமதி சட்டப்படி தேவையில்லை. ஆனாலும் அவர் சரி என்று சொல்லாமல் அவள் பேனாவை எடுக்கவில்லை. புதன் போயிற்று. வியாழன் வந்தது. காசிநாதன் கடையில் அட்டவணையைப் பார்த்தபடி நின்றார். தாள் சிக்கிக்கொண்டு மெஷின் கத்தியது அவர் காதில் விழவில்லை. அபிநயா சரியாகச் சாப்பிடவில்லை. ஜெர்மன் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் கலாவதி கணவரைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன், நெஜத்த சொல்லு. அந்தக் கடிதாசில கொலோன்னே போட்டிருந்தா அனுப்பியிருப்பியா?"

காசிநாதன் பட்டுத் துண்டை உதறி மறுபடியும் மடித்தார்.

"சொல்லமாட்ட. ஊர் பேரு இன்னாவா இருந்தாலும் ஒரு நொட்டை கண்டுபுடிச்சிருப்ப. அவ போறது உனக்குப் புடிக்கல. அத ஆட்டு மேல ஏன் போடற?"

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, சேரப்போகும் வார்டின் தலைமை நர்ஸ் பிரிகிட்டே வீடியோவில் குடும்பத்தோடு பேச விரும்பினார். காசிநாதன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் அந்தப் பட்டுத் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எதிரியின் முன்னால் கொடியை இறக்குவதாக இல்லை. அபிநயா தலையில் கை வைத்தாள்.

திரையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் வந்தார். வணக்கம் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திவிட்டு, மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்தார்.

"இன்னா சொல்றாங்க?" என்றார் காசிநாதன்.

"அது ஹென்னெஸான்னு கேக்கறாங்க நைனா."

"ஆமான்னு சொல்லு! ஜரிகைன்னும் சொல்லு!"

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் அதிர்ந்தது. பிறகு கடகடவென்று பேசினார். அபிநயாவுக்கும் சிரிப்பு வந்து மொழிபெயர்ப்பு திணறியது. "அவங்க அந்த ஊரு டீமாம். அவங்க வீட்டுக்காரரு கொலோனாம். கல்யாணமாகி முப்பது வருஷமாம். ரெண்டு டீமும் மோதற அன்னிக்கு மட்டும் பேசிக்க மாட்டாங்களாம். சீசனுக்கு ரெண்டு நாள்."

"மிச்ச நாள்?"

"மிச்ச நாள் அவருதான் சமைப்பாராம்."

"நீ இந்த அம்மாகிட்டயே போ" என்றார் கலாவதி.

காசிநாதன் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்து அவர் கேட்டது கால்பந்தைப் பற்றி அல்ல. "எம்பொண்ணு ட்யூட்டி முடிச்சு வந்தா கதவு தொறக்க ஆள் இருக்குமா? ஒடம்பு சரியில்லன்னா யாருகிட்ட சொல்லுவா? இத அப்படியே கேளும்மா."

அபிநயா ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். பிரிகிட்டே இப்போது சிரிக்கவில்லை. நிதானமாகப் பதில் சொன்னார். இன்னும் மூன்று நர்சுகளோடு ஒரே வீடு. அதில் ஒருத்தி கிரேஸ், வேலூர்ப் பெண். முதல் மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிகிட்டே வீட்டில்தான் சாப்பாடு.

"கையெழுத்துப் போடும்மா" என்றார் காசிநாதன். எழுந்து உள்ளே போய் வெகுநேரம் முகம் கழுவினார். ஆட்டுத் துண்டு அன்றைக்கே பார்சலாகி, முன்பின் பார்த்திராத அந்தக் கொலோன் வீட்டுக்காரருக்கு என்று அபிநயாவின் பெட்டியில் ஏறிவிட்டது.

சீசன் தொடங்க ஒரு வாரம் இருந்தபோது, காலை பத்து மணி விமானத்துக்கு அபிநயா கிளம்பினாள். விமான நிலைய வாசலில் கலாவதி அழுதார். காசிநாதன் புது பயிற்சியாளரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

"நைனா, நவம்பர்ல ரெண்டு டீமும் மோதுதாமே. பிரிகிட்டேம்மா என்னையும் கூட்டிக்கினு போறாங்களாம், அவங்க டீம் ஆளுங்க உக்கார்ற ஸ்டாண்டுக்கு. நீ யாரு பக்கம்?"

ஐந்து வருடமாகக் கொலோனைப் பற்றிய ஒரு கேள்விக்கும் யோசித்துப் பதில் சொன்னதில்லை அந்த மனிதர். பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி யோசித்தார். பின்னால் நின்றவர்கள் தள்ளுவண்டியை வைத்து இடித்தார்கள்.

"டிரா ஆவட்டும்மா" என்றார்.

நல்லது, காசிநாதனைப் பார்த்துச் சிரித்தாயிற்று. உங்களுக்கு இந்தப் பைத்தியம் எல்லாம் கிடையாது. உங்களுடையது கிரிக்கெட்டாக இருக்கலாம், தேர்தலாக இருக்கலாம், நடிகரின் அடுத்த படமாக இருக்கலாம், அதெல்லாம் வேறு விஷயம். சந்தோஷம். ஒன்றே ஒன்று. நீங்கள் இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உள்ளேயிருந்து உங்களை இரண்டு முறை கூப்பிட்டார்கள். கேட்டதா?