ஒரு கோடு, ஒரு புள்ளி, ஒரு மேனேஜர்

முதலில் போனது தொப்பையா மீசையா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. தொப்பை என்றுதான் நினைக்கிறேன். அங்கே இருந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு வரிசை சொல்கிறார்கள். எது முன்னால் போனால் என்ன, சிரிப்பு மட்டும் போகவில்லை என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்துதான்.

முதலில் சிரித்தவள் பின்னணி வரையும் பெண். அந்தக் கார்ட்டூன் ஸ்டுடியோவில் அவள் மேஜை முக்கோணத்தின் மேஜைக்கு எதிரே இருந்தது. முக்கோணம் என்பது ஓவியருக்கு அலுவலகம் வைத்த பெயர். யானையைக் கொடுத்தாலும் மூன்று கோட்டில் முடித்துவிடுவார் என்பதால் வந்தது. அவருக்கு அதில் வருத்தமில்லை. பல்கலைக்கழகம் கொடுத்த பட்டம் மாதிரி அதைச் சுமந்துகொண்டு திரிந்தார்.

அன்று காலை அவர் வரைந்து முடித்திருந்தது ஒரு குழாய்க் கம்பெனி விளம்பரத்துக்கான பொம்மை. கதை சின்னதுதான். ஒருவர் வீட்டில் குழாய் சொட்டுகிறது. வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடாமல் தானே சரிசெய்கிறேன் என்று இறங்குகிறார். சொட்டு ஒழுகலாகிறது, ஒழுகல் பீய்ச்சலாகிறது, கடைசியில் தெருவே மிதக்கிறது. அந்த மனிதருக்குத் தொப்பை, மீசை, மூக்குக் கண்ணாடி எல்லாம் வைத்து, குழாயைக் குனிந்து பார்க்க விட்டிருந்தார் முக்கோணம்.

பெண் அவருடைய திரையை எட்டிப் பார்த்தாள். நிமிர்ந்தாள். பிறகு மேஜைக்கடியில் எதையோ தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டாள். முதுகு குலுங்கியது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார். ரப்பர் விழுந்துடுச்சு."

"கம்ப்யூட்டர்ல வரையறவளுக்கு எதுக்கும்மா ரப்பர்?"

அதற்குள் அந்தப் பக்கம் வந்த அனிமேட்டர் திரையைப் பார்த்தார். "சார், இவரை எங்கேயோ..." என்று ஆரம்பித்தவர் வாயைப் பொத்திக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினார்.

யாரை என்று முக்கோணம் யோசித்துக்கொண்டிருந்தபோதே கண்ணாடிக் கதவுக்கு வெளியே மேனேஜர் நடந்து போனார். முதலில் தொப்பை போயிற்று. அதன் பின்னால் மீசையும் மூக்குக் கண்ணாடியும் போயின.

முக்கோணம் திரையைச் சட்டென்று சுவர்ப்பக்கம் திருப்பினார்.

திருப்பாமல் என்ன செய்வார்? அவர் அங்கே தற்காலிகம். அந்த வார வெள்ளிக்கிழமை மேனேஜர் ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். இதற்கு முன் பார்த்த வேலைகள் எல்லாம் கொள்கைக்காகப் போனவை. பாடப்புத்தகத்தில் இதயத்தைச் சதுரமாக வரைந்ததற்காக ஒன்று போனது. பால் கம்பெனிப் பசுவுக்கு இரண்டு கால் போதும் என்று வாதாடியதற்காக இன்னொன்று போனது. "இதுவும் போச்சுன்னா எங்க அண்ணன் கடையில பில் போடத்தான் போகணும்" என்று மனைவி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். "அங்க போயி பில்லை முக்கோணமா வெட்டிட்டு நிக்காதீங்க."

ஆனால் கொள்கை கொள்கைதான். போன நூற்றாண்டின் நடுவில் வந்த கார்ட்டூன் படங்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு உண்டான பித்து அது. அந்தப் படங்களில் ஒரு நகரத்துக்கு ஐந்தே ஜன்னல்கள் இருக்கும். ஓர் அறைக்கு ஒரு நாற்காலி. அதன் சிவப்பும் கோட்டுக்குள் அடங்காமல் கொஞ்சம் விலகி நிற்கும், சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு வெளியே ஓடிய பிள்ளை மாதிரி. பின்னால் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டு முக்கோணம் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். தனியாக நிற்கும் ஒரு மனிதனுக்கு அதைவிடச் சரியான வீடு கிடையாது என்று அவருக்குத் தோன்றும்.

மேனேஜருக்கும் அண்மையில் அந்தப் பித்துப் பிடித்திருந்தது. ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து, "இனிமே நம்ம படமெல்லாம் அந்தக் காலத்து ஸ்டைல்தான்" என்று அறிவித்துவிட்டார். அதிலிருந்து கணக்குப் பிரிவில்கூட வெற்றுத்தாளைத் தூக்கிப் பிடித்து, "வெற்றிடம் எப்படிப் பேசுது பாருங்க" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அப்படித்தான் முக்கோணம் உள்ளே வந்தார். வந்த வழியே வெளியே போய்விடக் கூடாதே என்பதுதான் இப்போது கவலை.

'தொப்பையை எடுத்துவிட்டால் மேனேஜரில் பாதி போய்விடும்' என்று கணக்குப் போட்டார். எடுத்தார். பொம்மை ஒட்டடைக்கம்பு மாதிரி ஆயிற்று.

அனிமேட்டர் வந்து பார்த்தார். "ஐயோ சார்! இப்பதான் சார் அச்சு அசல்!" என்றவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மீசையை எடுத்தார். மூக்குக் கண்ணாடியையும் எடுத்தார். பின்னணி வரையும் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போதும் சார். வயிறு வலிக்குது."

முக்கோணம் குரலைத் தாழ்த்தினார். "வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

"நான் எதுக்கு சார் சொல்றேன்? மனசு கஷ்டப்படும்ல."

"அதான். நல்ல மனுஷன் வேற."

"ரொம்ப நல்ல மனுஷன் சார்" என்றாள் அவள், அவரையே கனிவோடு பார்த்து.

பிறர் மேல் இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு அக்கறையா என்று முக்கோணம் நெகிழ்ந்துபோனார்.

அன்று மாலை படத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார். கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. மற்றவற்றை அவர்தான் கொள்கைப்படி மொட்டைமாடிக்கு ஏற்றியிருந்தார். மனைவி அடுப்படியிலிருந்து வந்து, அந்த ஒரு நாற்காலியில் அவர் உட்கார்வதற்கு முன் தான் உட்கார்ந்தாள்.

"இந்தா, இதைப் பாரு. பாத்த உடனே மனசுல என்ன தோணுதோ அதை அப்படியே சொல்லு."

பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வரைக்கும் சிரித்தாள். வழிந்த பிறகும் சிரித்தாள்.

"பாவம்" என்றாள் கடைசியில். "இந்த ஆளைக் கட்டிக்கிட்டவ என்ன பாடு படுவாளோ!"

முக்கோணத்துக்கு மேனேஜரின் மனைவி நினைவுக்கு வந்தாள். "தங்கமான பொம்பளைன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார்.

"ஆமா, தங்கம்தான். அதை அவகிட்ட யாரு சொல்றாங்க?"

"ஏன், அவரு சொல்ல மாட்டாரா?"

"அவருக்குக் குழாயைப் பாக்கவே நேரம் போதலையே" என்று எழுந்து போய் அடுப்பைத் துடைத்தாள்.

முக்கோணத்துக்குப் பெருமையும் பயமும் ஒன்றாக வந்தன. மேனேஜரைப் பார்த்தே இராத மனைவிக்குக்கூட அவருடைய குடும்ப வாழ்க்கை வரை தெரிகிறது என்றால், கோட்டுக்கு எவ்வளவு சக்தி! அதே சக்தி வெள்ளிக்கிழமை தன்னைத் தெருவில் நிறுத்திவிடும் என்பதும் தெரிந்தது.

மறுநாள் மனிதனே வேண்டாம் என்று பொம்மையைக் கொக்காக மாற்றினார். நீளக் கழுத்து, குச்சிக் கால், அலகில் ஒரு திருகுசாவி. அலுவலகமே கூடிவிட்டது. "கொக்கா ஆனதும்தான் சார் உயிரே வந்திருக்கு!" என்றார் அனிமேட்டர். யாரோ பின்னாலிருந்து கைதட்டினார்கள்.

கொக்கும் போயிற்று. கழுத்து, கால், அலகு என்று ஒவ்வொன்றாகக் கழித்தார். கடைசியில் திரையில் நின்றது, தலைப்பக்கம் முன்னால் வளைந்த ஒரே ஒரு கோடு. அதன் நுனியில் கண்ணுக்கு ஒரு புள்ளி. சொட்டும் குழாயை அந்தக் கோடு குனிந்து பார்த்தது. பின்னால் வெறும் மஞ்சள்.

உலகத்தில் யாராலும் இதை யாரென்று சொல்ல முடியாது என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

பின்னணி வரையும் பெண் எட்டிப் பார்த்தாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. "எப்படி சார்" என்றாள், "ஒரே கோட்டுல மொத்த மனுஷனையும் கொண்டுவந்துட்டீங்க?"

அவர் வாழ்நாளெல்லாம் கேட்கக் காத்திருந்த பாராட்டு அது. கேட்டதும் அவருக்கு அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. திரையிடும் சின்ன அறையில் மேனேஜரும் முக்கோணமும் பின்னணி வரையும் பெண்ணும் மட்டும் இருந்தார்கள். குழாய்க் கம்பெனி முதலாளி வந்துகொண்டிருக்கிறேன் என்று போன் செய்திருந்தார். மேனேஜருக்கு முன்னால் நிரந்தர உத்தரவு இருந்தது, அதன் மேல் மூடி திறந்த பேனா.

"அவரு வரட்டும். அதுக்குள்ள நாம ஒரு தடவை பாத்துடுவோம்" என்றார் மேனேஜர்.

விளக்கு அணைந்தது. குழாய் சொட்டியது. கோடு குனிந்தது. கோடு திருகியது. தெரு மிதந்தது. மிதக்கும் தெருவில் கோடு மட்டும் இன்னும் அந்தக் குழாயையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றது. அதோடு படம் உறைந்தது.

விளக்கு எரிந்தது. மேனேஜர் முக்கோணத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மேஜையைப் பார்த்தார். ஒரு நிமிஷம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. முக்கோணம் எழுந்து கைகூப்பினார்.

"சார், மன்னிச்சுடுங்க சார். சத்தியமா உங்களை மனசுல வெச்சு வரையல."

மேனேஜர் நிமிர்ந்தார். "என்னையா?"

"கையில தானா வந்துடுச்சு சார். நானும் மறைக்கத்தான் பாத்தேன்."

"இது... நானா?" மேனேஜர் எழுந்து திரைக்கு அருகே போனார். வளைந்த கோட்டை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. "என் தொப்பை எங்கய்யா?"

"எடுத்துட்டேன் சார்."

"மீசை?"

"உங்களுக்காக அதையும் எடுத்துட்டேன் சார்."

"தொப்பை இல்ல, மீசை இல்ல, கண்ணாடி இல்ல. அப்புறம் எப்படிய்யா நான்?"

"அதுதான் சார் இந்த ஸ்டைலோட பெருமை" என்றார் முக்கோணம். உயிர் போகிற நேரத்திலும் கொள்கையை விட்டுக்கொடுக்க முடியவில்லை. "எடுக்க எடுக்க மேல இருக்கறதெல்லாம் போயிடும் சார். ஆளோட சாரம் மட்டும்தான் நிக்கும்."

"என் சாரம் இதுவா? ஒரு சொட்டுத் தண்ணியைச் சரிபண்றேன்னு ஊரையே முக்கற கோணக் கோடா?" மேனேஜர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "ஏம்மா, ஆபீஸ்ல எல்லாரும் என்னை இப்படித்தான் பாக்கறீங்களா?"

அவள் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அது ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று யாருக்கும் விளங்கவில்லை.

மேனேஜர் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். மூடியைப் போட்டார். உத்தரவை மடித்தார்.

முக்கோணத்துக்கு மைத்துனர் கடையின் பில் மேஜை கண்ணுக்கு முன்னால் வந்தது. ஏதாவது செய்தாக வேண்டும். திரைக்கு முன்னால் போனார். இன்னும் என்ன எடுத்தால் மேனேஜர் மறைவார் என்று அந்தக் கோட்டையே உற்றுப் பார்த்தார். புள்ளியை எடுத்துவிடலாமா?

அப்போது கதவு திறந்தது.

"மன்னிக்கணும், வழியில நெரிசல்" என்று குழாய்க் கம்பெனி முதலாளி உள்ளே வந்தார். மேனேஜர் ஒருவரைத் தவிர அந்த அலுவலகத்தில் யாரையும் அவர் அதுவரை பார்த்ததில்லை. உட்காரப் போனவர் திரையைப் பார்த்தார். திரைக்கு முன்னால் கழுத்தை நீட்டிக் குனிந்து நின்றவரைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். பிறகு மேனேஜரின் காதருகே குனிந்தார். சின்ன அறை என்பதால் எல்லோருக்கும் கேட்டது.

"பொம்மை பிரமாதம் சார். ஆனா அந்த மனுஷனைப் பக்கத்துலயே நிக்க வெச்சுக்கிட்டு இப்படிப் போட்டுக் காட்டறீங்களே, பாவம், அவரு மனசு கஷ்டப்படாதா?"

யாரைச் சொல்கிறார் என்று முக்கோணம் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் மடித்த உத்தரவை விரித்து, சிரிப்பில் நாற்காலியிலிருந்து விழாமல் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். விளம்பரம் பல நாள் ஓடியது, குழாய்களும் விற்றன. பின்னணி வரையும் பெண் வேறு ஸ்டுடியோவுக்குப் போய் நல்ல பெயர் வாங்கினாள். மைத்துனர் பில் போட வேறு ஆளை வைத்துக்கொண்டார். அந்தக் கோட்டை மனைவி சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தால், "பாத்த உடனே தெரியுதுல்ல? எங்க மேனேஜர்" என்று முக்கோணம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.