நாற்பத்தேழும் பகடை சாரும்

ஊரப்பாக்கத்தில் சொந்த மூளையைக் கொஞ்சமும் நம்பாமல் சந்தோஷமாக வாழ்கிற ஒரே மனிதர் எங்கள் அடுக்ககத்துப் பகடை சார்தான். எந்தச் சட்டை, எந்தக் காய், எல்லாவற்றையும் பகடை உருட்டித்தான் முடிவு செய்வார். பல்வலியோடு கிளம்பியவர் தாம்பரம் ஸ்டேஷனில் உருட்டிப் பார்த்து, மாம்பலத்து டாக்டரை விட்டுவிட்டுச் செங்கல்பட்டு ரயிலில் ஏறியிருக்கிறார்.

"ஏங்க, ஆறு நாளா கத்திரிக்கா! உங்க பகடைக்கு வேற காயே தெரியாதா?" என்பார் அவர் மனைவி.

"ரேண்டம்னா அப்படித்தாம்மா. வந்ததே திரும்ப வரும். ஒழுங்கா மாறி மாறி வந்தாத்தான் சந்தேகப்படணும்."

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். குடியிருப்போர் சங்கச் செயலாளர். கார் நிறுத்த இருபத்துநான்கு இடங்கள்; யாருக்கு எது என்று வருடாவருடம் குலுக்கல். லிஃப்டை ஒட்டிய இடத்துக்குத்தான் போட்டி. தென்னைமரத்தடிக்குத் தேங்காயைத் தவிர யாரும் வரமாட்டார்கள். பகடை சாரின் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால் லிஃப்ட் இடம் அவர்களுக்கு அவசியம். கேட்டிருந்தால் கொடுத்திருப்போம். அவரோ, "கேட்டு வாங்கக் கூடாது சார், குலுக்கல்ல விழணும்" என்றுவிட்டார்.

குலுக்கல் என் கம்ப்யூட்டரில். உண்மையில் அதற்குக் குலுக்கத் தெரியாது. ஓர் ஆரம்ப எண்ணைக் கொடுத்தால் பெருக்கி, கூட்டி, வகுத்து, மீதியை அடுத்த எண்ணாக நீட்டும். பார்க்கத் தாறுமாறாக இருக்கும்; அதே ஆரம்ப எண்ணைக் கொடுத்தால் அதே வரிசை பிசகாமல் வரும். முந்தின நாளே வீட்டில் ஒன்று, இரண்டு என்று கொடுத்துப் பார்த்தேன். நாற்பத்தேழில் லிஃப்ட் இடம் எனக்கு விழுந்தது. கூட்டத்தில் மோவாயைச் சொறிந்து, "ஏதோ ஒரு நம்பர்... நாற்பத்தேழு?" என்றேன்.

பகடை சாருக்குத் தென்னைமரம். முதல் வாரமே அவர் கார்மேல் தேங்காய் விழுந்தது. நசுங்கிய கூரையைத் தடவி, "சுத்தமான ரேண்டம் சார்! குறி பார்த்துப் போட்டாக்கூட நட்டநடுவுல விழுமா?" என்று கொண்டாடினார். அவர் மனைவி வருடம் முழுக்க வாக்கரோடு அந்த மரத்தடிவரை நடந்தார்.

அடுத்த வருடமும் நாற்பத்தேழு போட்டேன். எனக்கு அதே இடம் வரும் என்று யோசித்த மூளைக்கு, மற்ற இருபத்துமூன்று பேருக்கும் அதே இடம் வரும் என்பது உறைக்கவில்லை.

"இன்னா சார், போன வருஷத்து பேப்பரையே ஒட்டிகினு கீறீங்க?" என்றார் நோட்டீஸ் போர்டில் பட்டியலைப் பார்த்த வாட்ச்மேன்.

கூட்டம் கொதித்தது. எனக்காக எழுந்தவர் பகடை சார் ஒருவர்தான். "வந்ததே திரும்ப வரலாம். வாத்தியாரைச் சந்தேகப்படாதீங்க!"

இருபத்துநான்கு பெயரும் அப்படியே திரும்பி வரப் பிரபஞ்சத்தின் வயது போதாது. அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, என் இடத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அவர் முகம் தொங்கிப் போனது. "ஆரம்ப நம்பரைப் பொறுக்கினீங்களா சார்? முழங்கால் வலிகூடப் பரவாயில்ல, ரேண்டமைப் போய்..."

"யாருக்குப் பரவாயில்ல?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சரி, ஆனா சும்மா தந்தா வாங்க மாட்டேன். ஒத்தை விழுந்தா உங்களுக்கு, ரெட்டை விழுந்தா எனக்கு" என்று உருட்டினார். பகடை சோபாவுக்கு அடியில் ஓடிவிட்டது. அவரால் குனிய முடியாது. நான் தரையில் படுத்து எட்டிப் பார்த்தேன். மூன்று.

"என்ன சார் விழுந்திருக்கு?"

"நாலு" என்றேன், பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டு.

"பாத்தியாம்மா! நமக்கு விழுந்துடுச்சு!" என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் கைதட்டினார். அந்த முகத்துக்காக இன்னும் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வேன்.